இருபத்தெட்டுப் பக்கங்களும் ஒரு பக்கமும்

மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது வழக்கம். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். நேற்றுப் பின்னேரம்தான் நீ வந்து, அம்மா அவித்த புட்டையும் மீன் குழம்பையும் சட்டி வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். ஆகவே நீ நலம். நானும் நலம் என்று எழுதினால் அது பொய்யாகும். பொய்யை நிறுத்துவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்கு எரிச்சல். கோபம் என்று நினைத்துவிடாதே. எங்கள் ஊர்ப் பேச்சில் எரிச்சல் என்றால் பொறாமை. பக்கத்து வீட்டுக்காரன் மதில் கட்டினால் வருமே, அதுதான். இன்னும் ஐந்து வாரத்தில் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு நீயும் எம்மாவும் மெல்பேர்னுக்குப் போய்க் குடியிருக்கப் போகிறீர்கள். இந்த நேரத்தில் ஒரு தகப்பன் ஆசீர்வாதம் எழுத வேண்டும். நான் பொறாமையை எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஏழு வருடம் இருந்தவன் நீ, மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் அம்மாவைக் கேள். கிரகாமைக் கேட்காதே.

கிரகாம் நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன், பிறகு எழுத மனம் வராமல் போகலாம். எம்மாவின் அப்பா, எனக்குச் சம்பந்தியாக வரப்போகிறவர், எழுபது வயதிலும் முதுகு வளையாதவர். எனக்கு அவரில் ஒரு குறையும் தெரியவில்லை, அதுவே ஒரு குறை. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமைப் பின்னேரமும் நீ அவரோடு கணினியில் பேசுகிறாய். அங்கே அப்போது ஞாயிறு காலை. அவர் கையில் தேநீர்க் கோப்பையும், மேசையில் தன் தகப்பனாரின் போர்க்கால நாட்குறிப்பும் இருக்கும். அவர் ஒரு பக்கம் வாசிப்பார், நீ தட்டச்சுச் செய்வாய். அந்தத் தகப்பனார் இரண்டாம் உலகப் போரில் ஓர் ஆஸ்திரேலியப் படைப்பிரிவில் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தவர். அந்தப் பிரிகேட்டின் எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. உன் வாயால் அதை ஆயிரம் தடவை கேட்டாயிற்று. என் பிறந்த நாளை நீ அத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ அந்தப் பிரிகேட்டுக்காகச் செய்த இணையப் பக்கத்தை நான் முழுதாக வாசித்தேன், இரண்டு தடவை. வீட்டில் வாசித்தால் அம்மா கண்டுவிடுவாள் என்று நூலகத்தில் போயிருந்து வாசித்தேன். லிபியாவின் பாலைவனக் குளிரில் அவர்கள் விடியற்காலையில் இத்தாலியருடைய முட்கம்பியை வெட்டி உள்ளே போனது தெரியும். பிறகு கிரேக்கத்தில் பனிமலை வரை ஏறி, ஜேர்மன்காரன் வர, ஏறிய வழியாலேயே கடற்கரை வரைக்கும் பின்வாங்கியது தெரியும். ஒரு பகுதி கிரீட் தீவில் அகப்பட்டது, மிச்சப் பேர் சிரியாவுக்குப் போனது, ஊருக்குத் திரும்பும் வழியில் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று அவர்களை இலங்கையில் இறக்கிக் காவலுக்கு வைத்தது, அதன் பிறகு நியூகினி மலைக்குள்ளே ஒரு சின்ன விமானத் தளத்தில், துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருக்கும்போதே விமானங்கள் இறங்க இறங்கக் குதித்து நேரே சண்டைக்கு ஓடியது, எல்லாம் தெரியும். நீ வரைபடம் செய்வதையே தொழிலாகப் படித்தவன். அவர்கள் நடந்த வழியைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தாய். எந்த மலையில் எத்தனை நாள் நின்றார்கள் என்பதுகூட அந்தக் கோட்டில் இருந்தது. நன்றாகச் செய்திருந்தாய். நூலகத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெடியனுக்கு, 'இது என்ரை மகன் செய்தது' என்று காட்டவும் செய்தேன். காட்டிவிட்டு வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு வயிறு எரிந்தது.

இலங்கைப் பகுதி வந்த அன்று நீ எப்படித் துள்ளினாய் என்று நினைவிருக்கிறதா? கதவைத் திறந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்தாய்.

"அப்பா, யூ வோண்ட் பிலீவ் திஸ். எம்மாவின்ரை கிராண்ட்பா உங்கட ஊரில இருந்திருக்கிறார்!"

"எந்த ஊரிலை?"

"சிலோனில. காலிப் பக்கம். றப்பர்த் தோட்டத்துக்குள்ள காம்ப் போட்டு, மழையும் அட்டையும் எண்டு எழுதியிருக்கிறார்."

"காலி எங்கை, இணுவில் எங்கை? அது எங்கட ஊர் இல்லை."

"இல்லையப்பா, கேளுங்கோவன். அன்னாசிப்பழம் விக்கிற ஒரு தமிழரைச் சந்திச்சிருக்கிறார். ஹீ மெட் எ டமில்!"

"நானும் தமிழன்தான். இருபத்தேழு வருசமா உனக்கு அப்பாவா இருக்கிறன்."

நீ சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பெயர் தெரியாத ஓர் அன்னாசிப்பழக்காரரைப் பற்றி நீ அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றையாவது என்னைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்றுதான் இருந்தது. அவர் யாராக இருக்கும், ஏன் தெற்கிலே இருந்தார், எந்தப் பாஷையில் பேசியிருப்பார் என்றெல்லாம் கேட்டாய். நான் அந்த மனிதரிலும் பொறாமைப்பட்டேன். அந்த அளவுக்கு வந்துவிட்டது என் நிலைமை.

அதற்குப் பிறகுதான் கல்யாண வரவேற்பில் மேசைக்கு மேசை வைப்பதற்கென்று நீயும் எம்மாவும் ஒரு சின்னப் புத்தகம் செய்யத் தொடங்கினீர்கள். இரண்டு குடும்பங்களின் கதை என்றாய். போன மாதம் மாதிரிப் பிரதியைக் கொண்டுவந்து தந்தாய். எம்மாவின் பக்கம் இருபத்தெட்டுப் பக்கம். கப்பலில் ஏறும் படம், கூடாரப் படம், கையெழுத்து, வரைபடம், பதக்கம். எங்கள் பக்கம் ஒரு பக்கம். அதில் பாதியில் என் தம்பி, உன் சித்தப்பாவின் படம், மீதிப் பாதியில் நாலு வரி. நான் அதை மூடி வைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி நான் என்னத்தைப் போடுறது? இடம்பெயர்ந்து எந்த ரோட்டால போனனீங்கள் எண்டு கேட்டன், 'ரோட்டால' எண்டு சொன்னியள்" என்றாய். அது நியாயமான கேள்வி. நான் டிவியைப் போட்டேன்.

உன்னில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ கேட்டாய். பத்து வயதில் கேட்டாய். நவம்பர் மாதம், பள்ளிக்கூடத்தில் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளுக்காகச் சட்டையில் சிவப்புப் பூக் குத்தி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் போரைக் கண்ட ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் வேலையால் வந்து காலைக் கழுவிக்கொண்டு நின்றேன். நீ கொப்பியும் பென்சிலுமாகக் குளியலறை வாசலில் வந்து நின்று, "அப்பா, வேர் யூ இன் எ வோர்?" என்றாய். நான், "உதெல்லாம் உனக்கென்னத்துக்கு? போய்க் கணக்கைச் செய்" என்றேன். நீ போகவில்லை. இன்னொரு தடவை கேட்டாய். நான் கத்தினேன். நீ கீழ் மாடிக்குப் போய், எந்தப் போருக்கும் போகாத, பேரப்பிள்ளைகள் இல்லாததால் உன்னோடு பேசப் பிரியப்பட்ட ஓர் இத்தாலியக் கிழவரிடம் ஐந்து கேள்வியும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாய். டீச்சர் அதற்கு நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார். கேட்கிற பிள்ளையின் வாயை நானே அடைத்துவிட்டு, இன்று அவன் இன்னொருவரிடம் கேட்கிறான் என்று எரிகிறேன். பொல்லையும் கொடுத்து அடியையும் வாங்குவது என்று இதைத்தான் சொல்வார்கள்.

இனிக் கிரகாம் வந்த நாளைப் பற்றி. நிச்சயதார்த்தத்துக்காக மெல்பேர்னிலிருந்து வந்தவர், அடுத்த நாள் இங்கே டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குச் சாப்பிட வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஒன்பது மாடியும் ஏறி வந்து, மூச்சு வாங்காமல் கை கொடுத்தார். அம்மா எனக்கு மூன்று மாதமாகக் கொலஸ்ட்ரோல் என்று சொல்லி மறுத்த நண்டுக் கறியை அவருக்குக் கோது உடைத்து வைத்தாள். அவர் இடியப்பத்தைக் கையால் பிசைந்து, சம்பல் உறைத்துக் கண்ணீர் வந்தும் நிறுத்தாமல் சாப்பிட்டார். நான் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடிய, அந்த நாட்குறிப்பைப் பையிலிருந்து எடுத்தார். ஒரிஜினல். உனக்குக் காட்டவென்று கொண்டுவந்திருந்தார். நீ கையைக் கழுவி, துவாயால் துடைத்து, பிறகு இன்னொரு தடவை துடைத்து அதை வாங்கினாய். கோயிலில் திருநீறு வாங்கும்போதுகூட நீ அவ்வளவு பணிவாக நின்றதில்லை.

அவர் கிரேக்கத்தில் பின்வாங்கிய நாட்களை வாசித்தார். என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம், ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, ஏனென்றால் அந்த மனிதர் எல்லாவற்றையும் சின்னச் சின்ன வசனமாக எழுதியிருந்தார். இரண்டு நாளாக நடக்கிறோம். கூட்டாளி வில்லுக்குக் காலில் காயம். ஓர் ஒலிவ் மரத்தடியில் அவனை இருத்தினேன். லொறி பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறேன் என்றேன். லொறி கிடைத்தது. நான் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் அன்றைய பக்கம். பிறகு அந்த வில் என்பவருக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாதாம். காணாமல் போனவர்களின் பெயர் வெட்டிய ஒரு கல்லில் அவர் பெயரும் இருக்கிறதாம். கிரகாம் போய் அதைத் தொட்டுப் பார்த்து எடுத்த படத்தையும் காட்டினார். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. தன் தகப்பன் ஒருவனை விட்டுவிட்டு வந்தவன் என்பதை, முதல் நாள் அறிமுகமான என் சாப்பாட்டு மேசையில், என் மனைவிக்கு முன்னால், சாதாரணமாக வாசித்தார். கடைசி வசனத்தை மட்டும் பாராமலே சொல்லி, நாட்குறிப்பை மூடினார். நீ எழுந்து போய் அவருடைய தோளில் கையை வைத்தாய். வைத்த கையை எடுக்கவேயில்லை. நான் கோப்பைகளை எடுக்கிற சாட்டில் குசினிக்குப் போனேன்.

அம்மா பின்னால் வந்தாள். "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றாள்.

"நண்டு ஒத்துக்கொள்ளேல்லை."

"நீங்கள் எங்கை நண்டு சாப்பிட்டனீங்கள்?"

அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் உன் கை அவர் தோளில் இருந்ததற்காக மட்டும் என்று நீ நினைக்கலாம். அதுவும்தான். ஆனால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. அந்த இறந்துபோன ஆஸ்திரேலியக்காரரில் எனக்குப் பொறாமை. அவருக்கு ஒரு பிரிகேட் இருந்தது, அதற்கு எண் இருந்தது, அவர் எங்கே நின்றார் என்று யாரோ ஒவ்வொரு நாளும் பதிந்து வைத்தார்கள், விட்டுவிட்டு வந்த கூட்டாளிக்கு ஒரு கல் இருந்தது. இதெல்லாம்கூடப் போகட்டும். 'நான் திரும்பிப் போகவில்லை' என்று அவரால் எழுத முடிந்தது. எழுதிய பிறகும் அவரை மகன் வெறுக்கவில்லை, பேத்தி வெறுக்கவில்லை, என் பிள்ளை அவருக்காகக் கண் கலங்குகிறான். இத்தனை வருடத்தில் நான் ஒருவருடைய வீட்டையோ காரையோ பார்த்து இந்த அளவுக்கு ஏங்கியதில்லை. நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மூன்று கராஜ் வைத்து வீடு வாங்கிய உன் மாமாவைப் பார்த்தும் ஏங்கியதில்லை.

நேற்று நீ சாப்பிட்டுவிட்டு ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தாய். பெட்டிகளில் கோடு போட்டு, பெயரையும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாய்.

"அப்பா, உங்கட பழைய ரெஃபியூஜி கேஸ் ஃபைலின்ரை கொப்பி எடுக்கலாம். சைன் மட்டும் வையுங்கோ. நீங்கள் வாயால சொல்லாட்டியும் அதில எல்லாம் எழுதித்தானே குடுத்திருப்பியள். சித்தப்பாவின்ரை கதை முழுக்க இருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் பத்துப் பக்கம் ஆக்கிப் போடலாம். உங்களுக்கு என்ரை வெடிங் கிஃப்ட்."

நான், "நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லி அதை மடித்து வைத்துவிட்டேன். நீ போன பிறகு அந்தப் படிவத்தை விரித்து, திரும்ப மடித்து, இப்படியே இருந்தேன். மகனே, அந்தக் கோப்பில் சித்தப்பாவின் கதை இருக்கிறது. அதில் ஒரு வசனம் பொய். நீ அதை அழகான எழுத்தில் அச்சடித்து இருநூறு பேருக்கு முன்னால் வைக்கப் போகிறாய். கிரகாமுடைய உண்மையான இருபத்தெட்டுப் பக்கத்துக்குப் பக்கத்தில் என்னுடைய பொய்.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் இங்கே வந்திறங்கிய காலத்தில், எங்களுடைய ஆட்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். பக்கத்து வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் நிலவறையில், கால் மடக்கும் மேசையில் கணினி வைத்து, நாங்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் அடிப்பார். கெட்டவர் அல்ல, பயந்த ஆள். ஒரு கேஸ் விழுந்தால் ஓர் ஆளைத் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயத்தை அவர் எங்களுக்காகவும் சேர்த்துப் பட்டார். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் அடிப்பதை நிறுத்தினார். "தம்பி, 'நான்தான் அனுப்பினன்' எண்டு எழுதினால், அவ்வளவு பயமெண்டால் ஏன் அனுப்பினனீர் எண்டு கேப்பினம். பதில் இருக்கோ? இல்லை. 'ஆளை வீட்டிலை இருந்து பிடிச்சுக் கொண்டுபோனவை' எண்டு போடுவம். ஆளைக் காணேல்லை எண்டது உண்மைதானே" என்றார். உண்மைதான். குண்டுக்குப் பயந்தது உண்மை, திரும்பிப் போனால் எனக்கு ஆபத்து என்பதும் உண்மை. ஒரு வசனம்தானே என்று தலையை ஆட்டினேன். கல்யாணமாகி, நீ அம்மாவின் வயிற்றில் இருந்த காலத்தில் விசாரணைத் தேதி வந்தது. அம்மா அந்தப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்பாள், நான் குசினிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து ஒப்புவிப்பேன். "உங்கட தம்பியை எங்கை வைச்சுக் கொண்டுபோனவை?" "எங்கட வீட்டிலை வைச்சு." "நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?" "பக்கத்திலை நிண்டனான்." ஒரு நாளைக்கு இருபது தரம். கேஸ் சரிவந்தது. ஆனால் வாய்க்குப் பழகினதைப் பிறகு மாற்ற முடியவில்லை. மாற்றிச் சொன்னால், நீ போய்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, அது எங்கேயோ போய், எங்களை ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். குடியுரிமை கிடைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. குளியலறை வாசலில் நான் உன்னைக் கத்தியது அதனால்தான்.

இன்று காலை முதலில் அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பேப்பரைப் பிடித்துக் கேள்வி கேட்டவள் அவள்தானே, அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுதாகக் கேட்டாள். கீரையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "என்னோடை படுத்தெழும்பின மனுசன், எனக்கும் ஒப்புவிச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறியள்" என்றாள். கோபம்தான். எழுந்து அறைக்குள் போனாள். பிறகு வந்து, "பெடியனுக்கு எழுதுங்கோ. வாயாலை சொல்ல வெளிக்கிட்டியள் எண்டால் பாதியிலை நிப்பாட்டிப் போடுவியள்" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

நடந்தது இதுதான். உன் சித்தப்பா நேசன் என்னை விட ஆறு வயது இளமை. எங்கள் அப்பா அம்மா முன்னமே காலமாகிவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும்தான். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். ஆறு வருடம் வேலையோடு வேலையாகப் படித்து வெளிவாரிப் பட்டம் எடுத்தவன். நேசன் படிப்பில் மட்டம். ஆனால் இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் யாருடைய சைக்கிள் பழுதானாலும், யாருடைய கிணற்றில் வாளி விழுந்தாலும் நேசன்தான். வொலிபோலில் அவன் அடித்தால் ஊர் கூவும். என் பட்டத்தைக் கண்டு கூவியவர் யாரும் இல்லை. ஒரு நாள், இராணுவம் வருகிறது என்று, இணுவிலும் சேர்ந்த வலிகாமம் முழுவதையும் வெளிக்கிடச் சொன்னார்கள். மழைக்குள்ளே, சனத்துக்குள்ளே சனமாக, ஒரு மைல் போக ஒரு பொழுது எடுத்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பமாக இருந்தோம். அங்கேயும் நேசன்தான். தண்ணீருக்கு நேசன், விறகுக்கு நேசன், டியூப் ஒட்ட நேசன். "நேசன் எங்கை? நேசன் எங்கை?" நாள் முழுக்க இதே சத்தம். என்னை ஒருவரும் தேடவில்லை. அந்த வகுப்பறையில் நான் யார் என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே சாமான் என் பட்டச் சேர்ட்டிபிக்கட், அது வீட்டில் அலுமாரித் தட்டுக்குள் ஒரு பொலித்தீன் பையில் இருந்தது. அந்த நாட்களில் ஆமி இன்னும் வந்து சேரவில்லை, ஆட்கள் துணிந்து திரும்பிப் போய்ச் சாமான் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் போயிருக்கலாம். எனக்கு இரண்டு காலும் இருந்தது. ஒரு காலையில் அவன் யாரோ ஒருவருடைய சைக்கிளுக்குச் செயின் பூட்டிக்கொண்டிருந்தபோது போய் முன்னால் நின்று, "ஊருக்கெல்லாம் ஓடித் திரியிறாய், எனக்கும் ஒரு வேலை செய்" என்றேன். என் சேர்ட்டிபிக்கட்டை எடுத்துக்கொண்டு வா என்றேன். அவன் ஒன்றும் நினைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அலுமாரித் திறப்பைத் தாங்கோ அண்ணை" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

பின்னேரம் சேர்ட்டிபிக்கட் வந்து சேர்ந்தது. எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் டிராக்டரில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தவர், பையை என் கையில் தந்தார். நனைந்துவிடும் என்று தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "நேசன் தந்துவிட்டவன். மூலை வீட்டு ஐயாவுக்குப் பெட்டி கட்டிக் குடுத்திட்டுப் பின்னாலை வாறன் எண்டவன்" என்றார். நான் சந்தியில் போய் நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். அதற்கு அடுத்த நாளும். ஷெல் விழுந்ததா, யாரும் பிடித்தார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மூலை வீட்டு ஐயாவையும் பிறகு யாரும் காணவில்லை. நான் திரும்பிப் போய்த் தேடவில்லை. கையில் ஒரு கடுதாசியை வைத்துக்கொண்டு சந்தியில் நின்றேன். இந்த நாட்டுக்கு வந்து பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டு அடுக்கியபோதும், பிறகு அங்கேயே சூப்பர்வைசராக வந்தபோதும், அந்தச் சேர்ட்டிபிக்கட்டை என்னிடம் ஒரு மனிதர் கேட்டதில்லை.

கல்யாணத்துக்குப் போகிற மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். உனக்கும் எரிச்சல் வரும், என் இரத்தம்தானே. எம்மாவை எல்லோருக்கும் பிடிக்கும், நீ ஒரு மூலையில் நிற்பாய், ஒரு நாள் அது உன்னைக் குத்தும். வந்தால் வந்தது என்று அவளிடமே வாயைத் திறந்து சொல்லிவிடு. சிரிப்பாள், போகட்டும். அதை உள்ளே வைத்துக்கொண்டு அவளை ஒரு வேலைக்கு அனுப்பாதே. அதோடு, ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாயென்றால், வாய்க்குப் பழகும் முன் திருத்து. இருபத்தேழு வருடம் கழித்துத் திருத்தினால் கீரை ஆய்கிற மனுசிக்கு முன்னால் நிற்க வேண்டிவரும்.

படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். கடிதத்தோடு இருக்கிறது. கோப்பை எடு, வாசி, கிரகாமுக்கும் வாசித்துக் காட்டு. ஆனால் அவருக்கு முன் நீ என்னிடம் வர வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்த ரோட்டால் போனோம் என்று கேள். நாங்கள் கடந்த நாவற்குழிப் பாலத்திலிருந்து ஒவ்வொரு முடக்கும் சொல்கிறேன், நீ கோடு போடு. கல்யாணம் முடிய, விரும்பினால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடு. இந்தக் கட்டடத்திலேயே ஒப்புவித்துக்கொண்டு இருக்கும் அப்பாக்கள் இன்னும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் ஒரு பக்கமாகவே இருக்கட்டும், பத்தாக்க வேண்டாம். நேசனின் படத்துக்குக் கீழே 'வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டார்' என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிட்டு, 'அண்ணனின் சேர்ட்டிபிக்கட்டை எடுக்க, அண்ணன் அனுப்பிப் போனார்' என்று போடு. வரவேற்பில் எந்த மேசையிலாவது யாராவது 'எந்த அண்ணன்?' என்று கேட்டால், என் பக்கம் கையைக் காட்டு. நான் எழுந்து நிற்கிறேன்.

அப்பா